நண்டு சிப்புக்கு டிரைவர் தேடி நாய் படாத பாடு

பழைய கம்ப்யூட்டர் ஒண்ணை மறுபடி ஓட வைக்கப் போறேன்னு கீழக்கரையில வாயைத் திறந்து சொல்லிப் பாருங்க. டீக்கடை பெஞ்சுல உக்காந்திருக்கிறவன்ல ஆரம்பிச்சு, துபாய்லேர்ந்து வாய்ஸ் நோட் அனுப்புற மச்சான் வரைக்கும் ஆளுக்கொரு பட்டியலோட வந்துடுவானுங்க. "முதல்ல நல்ல ஆன்டிவைரஸ் ஒண்ணு போடு மச்சான்." "குரோம் இல்லாம என்னடா கம்ப்யூட்டர்?" "ஜங்க் கிளீனர் கண்டிப்பா வேணும்." "ஆபீஸ் 2016 கிராக்கோட இருக்கு, பென் டிரைவ்ல போட்டுத் தரவா?"

அடேய், அது பென்டியம் த்ரீ! 128 எம்பி ரேம்! ஓடுறது 1999-ல வந்த விண்டோஸ் 98 செகண்ட் எடிஷன். குரோம் அதுல எந்தக் காலத்துலயும் ஓடினதில்ல. 98-க்கு அப்புறம் வந்த எக்ஸ்பிக்கே குரோம் 2016-ல கையை விரிச்சாச்சு. ஆன்டிவைரஸ் போட்டா இருக்குற ரேமை அது தின்னுட்டு உக்காந்துக்கும், எனக்கு என்ன மிஞ்சும்? இந்த மிஷினை நெட்டுல திரிய விடப் போறதே இல்ல, அப்புறம் காவல் எதுக்கு? பென் டிரைவ்ல தர்றானாம். 98-ல பென் டிரைவைச் சொருகினா "புது ஹார்டுவேர் வந்திருக்கு, டிரைவரைக் கொடு"ன்னு கேட்டுட்டு முழிச்சுக்கிட்டு நிக்கும். பென் டிரைவுக்கே டிரைவர், அதாவது அந்தச் சாமானை விண்டோஸுக்கு அடையாளம் காட்டுற குட்டி சாப்ட்வேர், தேவைப்பட்ட காலம் அது. அது தெரியாதவன்தான் எனக்குப் பட்டியல் போடுறான்.

எனக்கு வயித்தெரிச்சல் இதுதான். என்ன சாப்ட்வேர் வேணும்னு ஊரே சொல்லுது. அதை உள்ள எப்படிக் கொண்டு போறதுன்னு ஒரு பய சொல்ல மாட்டேங்கிறான். கம்ப்யூட்டரை நெட்டோட இணைக்கிற லேன் கார்டு வேலை செய்ய டிரைவர் வேணும். டிரைவர் நெட்டுல இருக்கு. நெட்டுக்குப் போக லேன் கார்டு வேணும். சரி, பென் டிரைவ்ல கொண்டு போவோம்னா, பென் டிரைவுக்கான டிரைவரும் பென் டிரைவ்லதான் கிடக்கு. ஃப்ளாப்பின்னு ஒண்ணு இருந்துச்சேன்னு பரண்ல இருந்த டப்பாவை இறக்கிப் பாத்தேன். கடற்கரை ஊர்ல ஃப்ளாப்பி என்ன கதிக்கு ஆகும்னு தெரியணும்னா அந்த இரும்பு மூடியை நகத்தால தள்ளிப் பாருங்க. உள்ள கறுப்பு வட்டு முழுக்க வெள்ளை வெள்ளையா பூஞ்சை. அதை டிரைவுக்குள்ள விட்டா இருக்குற ஒரே ஹெட்டும் போயிடும்.

மிச்சம் இருந்த வழி சிடி. சிடி வாங்க ராம்நாட்டுக்குப் பஸ் ஏறணும்னு பத்து வருஷத்துக்கு முன்னாடி யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். கடைக்காரத் தம்பி என்னை மியூசியத்துலேர்ந்து தப்பி வந்தவனைப் பாக்குற மாதிரி பாத்துட்டு, "இப்ப யாருண்ணே சிடி வாங்குறா?"ன்னு ஒரு டிவிடியை எடுத்து நீட்டுறான். "ரெண்டும் ஒண்ணுதாண்ணே, இதுல இன்னும் நிறைய ஏறும்." ஒண்ணு இல்ல தம்பி! சிடி டிரைவ் டிவிடியைப் படிக்காது. ரெண்டுக்கும் லேசர் வேற, உள்ள பதியுற குழியோட அளவு வேற. எனக்கு 4.7 ஜிபி வேணாம், 700 எம்பியே எனக்குக் கடல். கடைசியில ஒரு வழியா சிடி கிடைச்சது. எழுத ரைட்டர்? இப்ப வர்ற லேப்டாப்ல பெரும்பாலும் அந்த ஓட்டையே கிடையாது. பாம்பன்ல கல்யாண வீடியோ எடுக்குற அண்ணன் ஒருத்தர் பழைய ரைட்டரை வித்துத் தொலைக்காம வெச்சிருந்தார். அவர் நல்லா இருக்கணும்.

இப்ப டிரைவர் கதைக்கு வரேன். லேன் கார்டைக் கழட்டிப் பாத்தா சிப்பு மேல என்ன எழுதியிருக்குன்னே தெரியல. உப்புக் காத்து தின்ன தின்ன கால் எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கு. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலை ஊத்தி டூத் பிரஷ்ஷால தேய்ச்சேன். மெதுவா ஒரு குட்டி நண்டு எட்டிப் பாக்குது. ரியல்டெக் கம்பெனியோட முத்திரை அது. பக்கத்துல 8139. அந்தக் காலத்துல எங்க போனாலும் கிடைச்ச சாதாக் கார்டு. அட்டைப் பெட்டிக்குள்ள கார்டோட ஒரு ஃப்ளாப்பியும் வெச்சுக் கொடுப்பாங்க, அதுலதான் டிரைவர். அதாவது 1.44 எம்பிக்குள்ள அடங்குற சாமான். அதை நெட்டுல தேடப் போறீங்க. பச்சைப் பச்சையா பெருசா நாலஞ்சு பட்டன், எல்லாம் டவுன்லோட், ஒண்ணும் உண்மை இல்ல. அமுக்கினா டிரைவர் வராது, "டிரைவர் அப்டேட்டர்" வரும். அது விண்டோஸ் 10-லதான் ஓடுமாம். நான் தேடினது 98-க்கு. அது என் லேப்டாப்பை ஸ்கேன் பண்ணிட்டு, "உங்க கம்ப்யூட்டர்ல ஆபத்தான டிரைவர்கள் இருக்கு, பணம் கட்டுங்க"ங்குது. எங்க வந்து யாருகிட்ட பிச்சை கேக்குற?

மதர்போர்டு செஞ்ச கம்பெனி இதுக்கு மேல. அவங்க வெப்சைட்டுல போய் மாடல் நம்பரைப் போட்டா, அப்படி ஒரு போர்டு இந்தப் பூமியில பிறக்கவே இல்லங்கிற மாதிரி ஒரு வெத்துப் பக்கம். வித்த வரைக்கும் சொந்தம், அப்புறம் யாரோ எவரோ. ஒரு மூலையில பத்து எம்பி இடம் ஒதுக்கி அந்தக் கோப்பை அப்படியே விட்டு வெக்கிறதுல யாரு சொத்து அழிஞ்சு போகுது?

கடைசியில புண்ணியவான் ஒருத்தர் சரியான லேன் டிரைவரை நெட்டுல ஏத்தி வெச்சிருந்தார். சந்தோஷமா எடுத்து, சிடியில எழுதி, பாம்பன்லேர்ந்து ஊருக்குக் கொண்டு வந்து திறந்தா, திறக்கல. ரார் 5 வடிவத்துல சுருக்கி வெச்சிருக்கார். அந்த வடிவம் வந்ததே 2013-ல. 98-ல ஓடுற கடைசி வின்ரார் 3.93, அதுக்கு ரார் 5 என்னன்னே தெரியாது. 98 டிரைவரை 98-ல திறக்கவே முடியாத பொட்டலமாக் கட்டிக் கொடுக்குற புத்தி எங்கேர்ந்து வருது? சாதா ஜிப்பா போட்டா என்ன குறைஞ்சுடும்? கோப்பு கொஞ்சம் சின்னதாகுறதுக்கா இந்தப் பாடு?

டிரைவர் இல்லாத 98 எப்படி இருக்கும்னு பட்டியல்காரனுங்களுக்குத் தெரியாது. 640-க்கு 480, மொத்தமே 16 நிறம். அதுல பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கரைத் திறந்தா டூல் பெட்டியும் மெனுவும் போக, பக்கத்தைப் பாக்க ஒரு ஜன்னல் இடுக்குதான் மிஞ்சும். சரின்னு டிஸ்ப்ளே டிரைவரைப் போட ஆரம்பிச்சா, நடுவுல நிறுத்தி "விண்டோஸ் 98 சிடியைப் போடு"ங்கும். டிரைவர் சிடியை எடுத்துட்டு அதைப் போட்டா, அடுத்த நிமிஷம் டிரைவர் சிடியைக் கேக்கும். இருக்குறது ஒரே டிரைவ். இந்தக் கூத்து வேணாம்னா, இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடியே விண்டோஸ் சிடியில இருக்குற வின்98 ஃபோல்டரை முழுசா ஹார்டு டிஸ்க்குல காப்பி பண்ணி, அங்கேர்ந்தே செட்டப்பை ஓட்டணும். அப்புறம் அது சிடியே கேக்காது. இருபது சாப்ட்வேர் பேரை ஒப்பிக்கிறவன் எவனாவது இந்த ஒரு வரியைச் சொன்னானா?

என்கிட்ட கேட்டா, முதல்ல வேணும்ங்கிறது ஒரு கை விரல்ல அடங்கிடும். எந்த சிப்பு எங்க இருக்குன்னு காட்டுற எய்டா32. அதைப் பாத்துட்டு முதல்ல சிப்செட்டு, அப்புறம் டிஸ்ப்ளே, சவுண்டு, லேன். 98 செகண்ட் எடிஷனுக்குன்னே ஆர்வலர்கள் செஞ்சு வெச்ச என்யுஎஸ்பி, அதைப் போட்டா பென் டிரைவ் தெரியும். (போர்டுல இருக்குறது யுஎஸ்பி 1.1, ஒரு நொடிக்கு ஒரு எம்பி போனாலே பெருசு, அதனால சினிமாப் படம் காப்பி பண்ண ஆசைப்படாதீங்க.) பிரிக்க வின்ராரோ 7-ஜிப் 9.20-ஓ. அதுக்கப்புறம் கோப்புகளை மேய்க்கிற டோட்டல் கமாண்டர். அம்புட்டுதான்.

டோட்டல் கமாண்டர் எதுக்குன்னா, பிரௌசரை நம்பி இந்த மிஷின்ல ஒண்ணும் ஆகாது. விண்டோஸ் 98-க்குக் கடைசியா வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-ஐ வெச்சு இன்னிக்கு எந்தப் பக்கத்தைத் திறக்கப் போறீங்க? அநேகமா எல்லாப் பக்கமும் பாதுகாப்பாப் பேச டிஎல்எஸ் 1.2-ஆவது கேக்குது, இதுக்கு அந்தப் பாஷையே தெரியாது. போர்டுல இருக்குற காசு பேட்டரி செத்துப்போய் தேதி பின்னால ஓடியிருந்தா அது தனித் தலைவலி. ஆனா டோட்டல் கமாண்டர்ல, ஒரு மிஷின்லேர்ந்து இன்னொண்ணுக்குக் கோப்பு அனுப்புற எஃப்டிபி கூடவே வருது. போன்ல ஒரு எஃப்டிபி சர்வர் ஆப்பை ஓட விட்டு, ரெண்டையும் ஒரே ரூட்டர்ல மாட்டிட்டா, போன்ல இறக்கினது நேரா பழைய மிஷினுக்குள்ள போயிடும். இவ்வளவு சுலபமான விஷயத்தை விட்டுட்டு எல்லாப் பட்டியல்லயும் முதல் இடம் பிரௌசருக்கு. வெச்சு என்ன பண்றது, பூசையா?

சரி, இம்புட்டு வதை எதுக்குன்னு கேப்பீங்க. மிஷின் எங்க காக்காவோடது, அதாவது அண்ணனோடது. டிடிபி சென்டர் வெச்சிருந்தார். கீழக்கரை நிக்காஹ் அழைப்பிதழ், ஏர்வாடி சந்தனக்கூடு நோட்டீஸ், உத்தரகோசமங்கை ஆருத்ரா தரிசன நோட்டீஸ், மண்டபம் விசைப்படகுக்காரங்க ரசீதுப் புத்தகம், எல்லாம் ஒரே மேசையில தயாராகும். எல்லாம் பேஜ்மேக்கர் 6.5-ல. போன மாசம் ஒரு லாத்தா (அக்கா) வந்தாங்க. 2001-ல நடந்த அவங்க நிக்காஹ் அழைப்பிதழ் ஒரு பிரதிகூட வீட்டுல இல்லயாம், அதுலதான் அவங்க வாப்பா கைப்பட எழுதிக் கொடுத்த நாலு வரி இருக்காம். கோப்பு இருக்கு. ஆனா ஹார்டு டிஸ்க் ஒரு தடவை ஃபார்மட் ஆனதுல ஃபான்ட் எல்லாம் போச்சு, கோப்பை மட்டும் காக்கா சிடியில எடுத்து வெச்சிருந்தார்.

இங்கதான் அடுத்த அறிவாளி வர்றான். "எக்ஸ்பி போடுங்கண்ணே, தமிழ் சூப்பரா வரும்." வரும்டா. ரீஜனல் செட்டிங்ல காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் கட்டத்துல டிக் அடிச்சு, அதுக்கும் ஒரு சிடியைக் கொடுத்தா லதா ஃபான்ட்டுல, எல்லா மிஷினுக்கும் பொதுவான யூனிகோடு தமிழ் அழகா வரும். ஆனா கோப்புல இருக்குறது யூனிகோடா? பாமினி, ஆங்கில எழுத்தோட இடத்துல தமிழ் உருவத்தை வெச்ச ஃபான்ட்! அந்த ஃபான்ட் இல்லாமத் திறந்தா ஒரு பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தா நிக்கும், மெய்யெழுத்து வர்ற இடத்துல எல்லாம் புள்ளிக்குப் பதிலா ஒரு அரைப்புள்ளி. லதா வந்து அதை என்ன பண்ணும், பக்கத்துல நின்னு அழுமா?

கன்வர்ட்டர்ல போட்டு மாத்துங்கன்னு இன்னொரு குரல். எழுத்து மாறும், சரி. பார்டர், பூ, பிறை, ஓரமாச் சாய்ச்சு வெச்ச வரி, இதெல்லாம் கன்வர்ட்டருக்குள்ள போகுமா? அந்த லாத்தாவுக்கு வேணும்ங்கிறது அழைப்பிதழ், வெறும் எழுத்தில்ல. அதுக்கு அதே பேஜ்மேக்கரும் அதே ஃபான்ட்டும் வேணும்.

அந்த அதே ஃபான்ட்தான் கிடைக்கிறது குதிரைக் கொம்பு. அப்ப ஃபான்ட் வித்தவங்க ஒவ்வொருத்தரும் தன் இஷ்டத்துக்கு எழுத்தை ஒவ்வொரு இடத்துல வெச்சாங்க. 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, டாம், டாப்னு எழுத்துக் குறியீட்டுக்குத் தரம் வகுத்து, தமிழ்99 விசைப்பலகையும் கொடுத்தாங்க. 2010-ல தமிழ்நாடு அரசு யூனிகோடுக்கும், டேஸ் 16-ங்கிற இன்னொரு தமிழ்க் குறியீட்டுக்கும் ஆணை போட்டுச்சு. நம்ம டிடிபி கடைகள் காதுல போட்டுக்கிட்டாத்தானே? கை பழகின பாமினியிலயே அடிச்சுத் தள்ளினாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியல, நிக்காஹ் நாளைக்கு மறுநாள்னா எவன் புது விசைப்பலகை பழகுவான்?

"தமிழ் ஃபான்ட் 2000"னு ஒரு மூட்டை சுத்திக்கிட்டு இருக்கு. "அப்படியே எல்லாத்தையும் உள்ள கொட்டிடு, எதுவாவது ஒண்ணு ஒத்துப்போகும்"னு அதுக்கும் ஒரு சிபாரிசு. கொட்டுங்க! 98-ல சுமார் ஆயிரம் ஃபான்ட்டுக்கு மேல போனா ரெஜிஸ்ட்ரி தாங்காது, மிஷின் முக்கும், அப்புறம் இருக்குற ஃபான்ட்டும் ஒழுங்கா வராது. அந்த மூட்டைக்குள்ள ஒரே பேர்ல மூணு நாலு கோப்பு வேற, ஒண்ணுல 'ஸ்ரீ' இருக்கும், இன்னொண்ணுல அந்த இடம் காலி. ஒவ்வொண்ணா மாட்டி, கழட்டி, மாட்டிப் பாக்கணும். பாத்தேன். காக்காவோட பழைய கூட்டாளி ஒருத்தர் ராம்நாட்டுல இன்னும் கடை வெச்சிருக்கார், கடைசியில அவர் மிஷின்லேர்ந்துதான் சரியானது வந்துச்சு. நெட்டு முழுக்கத் தேடினேன், கிடைச்சது பஸ் ஸ்டாண்டு பக்கத்துல.

லாத்தாவோட அழைப்பிதழ் பிரிண்ட் ஆகிப் போயாச்சு. நண்டு டிரைவர், என்யுஎஸ்பி, எய்டா32, பிரிக்கிற சாமான், டோட்டல் கமாண்டர், எல்லாம் ஒரே சிடியில எழுதி வெச்சிருக்கேன். பொட்டலம் கட்டாம, திறந்த ஃபோல்டரா. இந்தப் பக்கம் பழைய பென்டியம் வெச்சுக்கிட்டு முழிக்கிறவங்க கீழக்கரைக்கு வந்தா காப்பி பண்ணிட்டுப் போகலாம். வெத்து சிடியை நீங்களே கொண்டு வந்துடுங்க, டிவிடி கொண்டு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன். எந்த ஆன்டிவைரஸ் நல்லதுன்னு கேக்குறவங்களுக்கும் அதே மரியாதைதான்.