துவைக்காத ஜெர்சிக்கு ஒரு வக்காலத்து

நம்ம டீம் ஆடும் நாளில் அதே ஜெர்சி, அதே நாற்காலி. ஜெயித்துக்கொண்டே இருந்தால் ஜெர்சியைத் துவைக்கவும் மனசு வராது. "நீ சட்டை போடுறதுக்கும் அங்கே கோல் விழுறதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறார்கள். ஒரு சம்பந்தமும் இல்லை. ராசி பார்க்கிற எங்களுக்கும் அது தெரியும், ஆனாலும் போடுவோம்.

களத்தில் ஆடுகிறவர்களே இதை விட்டபாடில்லை. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் சிகாகோ புல்ஸ் அணிக்கு ஆடிய காலத்தில், தான் படித்த வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஷார்ட்ஸை உள்ளே போட்டுக்கொண்டுதான் இறங்குவார். கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் சிவப்புச் சட்டை. அவருடைய அம்மா சொன்ன ராசி அது.

எனக்கு ரொம்பப் பிடித்தது பிரேசில் கதை. 1950 உலகக் கோப்பையில் சொந்த மண்ணில் உருகுவேயிடம் தோற்றபோது அவர்கள் போட்டிருந்தது வெள்ளை. அத்தோடு வெள்ளைக்கு ராசி போயிற்று. ஒரு நாளிதழ் போட்டி வைத்து, புது உடையைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று உலகத்துக்கே தெரிந்த மஞ்சள் அப்படி வந்ததுதான். ஆனால் 1958 இறுதி ஆட்டத்தில் எதிரே நின்ற ஸ்வீடனுக்கும் மஞ்சள்! பிரேசில் நீலத்துக்கு மாற வேண்டியதாயிற்று. பழகிய நிறம் போய்விட்டதே என்று வீரர்கள் கலங்க, அணியை அழைத்து வந்த பாவ்லோ மச்சாடோ டி கார்வால்யோ, "நீலம் நம் மாதாவின் மேலாடை நிறம்" என்று தேற்றினார். 5-2 என்று ஜெயித்தார்கள். பதினேழு வயது பெலே இரண்டு கோல் போட்டார். நீலத்தின் பங்கு எவ்வளவு, பெலேயின் பங்கு எவ்வளவு? (சரி, பெலேதான்.)

இதற்கெல்லாம் உளவியலில் விளக்கம் உண்டு. 1948-இல் உளவியலாளர் ஸ்கின்னர், புறாக்கள் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தீனி விழும்படி வைத்துப் பார்த்தார். தீனி விழுந்த நேரத்தில் எதைச் செய்துகொண்டிருந்தனவோ, அதையே அவை திரும்பத் திரும்பச் செய்தன. ஒன்று வட்டமடித்தது, இன்னொன்று தலையை ஆட்டியது. ஜெர்சி போட்ட புறாக்கள் நாங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இன்னொரு ஆய்வையும் பார்க்க வேண்டும். 1976-இல் உளவியலாளர் சியால்டினியின் குழு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கவனித்தது இது: சனிக்கிழமை தங்கள் அமெரிக்கக் கால்பந்து அணி ஜெயித்திருந்தால், திங்கட்கிழமை அணியின் பெயர் போட்ட உடைகள் கூடுதலாகக் கண்ணில் பட்டன. ஜெயித்தால் "ஜெயிச்சோம்", தோற்றால் "தோத்துட்டாங்க" என்று பேச்சும் மாறியது. முடிவு தெரிந்த பிறகு சட்டையை எடுக்கிறவர்கள் இவர்கள். ராசிக்காரன் அப்படியில்லை. டாஸ் போடும் முன்பே மாட்டிக்கொண்டு உட்காருகிறான். தோற்றாலும் பழியைத் தன் சட்டை மேலேயே போட்டுக்கொள்கிறான். தொண்ணூறு நிமிடம் கையைக் கட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லாத ஒருவனுக்கு இதுவாவது ஒரு வேலை. எனக்கு இவன்தான் ஒரிஜினல் ரசிகன்.

என் சலுகை அதோடு சரி. "நீ உள்ளே வந்ததால்தான் விக்கெட் போச்சு" என்று கூட இருப்பவரைப் பாதி மேட்ச் வாசலிலேயே நிற்க வைக்கிற ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ராசி பார்ப்பதென்றால் உங்கள் சட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.