ரோசாத் தடிக்கு உருளைக்கிழங்கு வேண்டாம்

"ரோசாத் தடியை உருளைக்கிழங்கில் குத்திப் புதைத்தால் ஏழே நாளில் வேர் விடும்" என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது சரியில்லை. பக்கத்து வீட்டில் ஆசையாக வெட்டித் தந்த தடிகளைத் தயவுசெய்து இப்படி வீணாக்காதீர்கள்.

வேர் இல்லாத தடியால் கிழங்கிலிருந்து சத்தை உறிஞ்ச முடியாது, அது தனக்குள் சேர்த்து வைத்த உணவில்தான் கொஞ்ச நாள் உயிரோடு இருக்கும், துளிர்விடுவதும் அந்த உணவில்தான், அதனால் துளிரைப் பார்த்து வேர் வந்துவிட்டது என்று நம்பக்கூடாது. கிழங்கோ ஈர மண்ணில் அழுகும், எறும்பு வரும், பூஞ்சை தடியின் வெட்டுவாய்க்கும் ஏறும். சிலருக்குப் பிடிக்கிறதே என்றால், அந்தத் தடி வெறும் மண்ணிலும் பிடித்திருக்கும். நம்முடைய கிளுவை, பூவரசு வேலியெல்லாம் வெறும் கதியால் நட்டு வளர்ந்ததுதானே!

ரோசாவுக்கு, பென்சில் மொத்தத்தில் ஒரு சாண் தடி, மூன்று நாலு கணு இருக்கட்டும். கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான கத்தியால் வெட்டி, கீழ் இலைகளைக் கழற்றி, பாதி மணல் கலந்த மண்ணில் நட்டு, நிழலில் வையுங்கள். எங்கள் வெயிலுக்கு, அடி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலால் மூடினால் இலை வாடாது. வேர்விட மூன்று முதல் ஆறு கிழமை செல்லும், இடையில் பிடுங்கிப் பார்க்க வேண்டாம். செவ்வரத்தைக்கும் இதே முறைதான். கறிவேப்பிலை மட்டும் தடியில் லேசில் பிடிக்காது, அடிமரத்தைச் சுற்றி வேரிலிருந்து கிளம்பும் கன்றைக் கேட்டு வாங்குங்கள்.