கேபிளில் மாறியது முதலாளி மட்டுமே
ஆட்சி மாறினால் செல்வாக்குள்ள நிறுவனத்தின் ஏகபோகம் உடைந்து போட்டி தானாக வந்துவிடும் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. தமிழ்நாட்டு கேபிள் தொழிலையே பாருங்கள். 2007-ல் அரசு கேபிள் நிறுவனம் உருவானபோது ஆட்சி மாறவே இல்லை. கருணாநிதி குடும்பத்துக்கும், சன் டிவியையும் கேபிள் தொழிலையும் கையில் வைத்திருந்த மாறன் சகோதரர்களுக்கும் மனக்கசப்பு, அவ்வளவுதான். 2008 கடைசியில் சமாதானமானதும் அது முடங்கிப்போனது. 2011-ல் ஜெயலலிதா வந்து அதைத் தூசி தட்டி, மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தார். விலை குறைந்தது நிஜம், எங்கள் வீட்டுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் தெரு ஆபரேட்டர் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் லைனை அரசு கேபிளுக்கு மாற்றினார். ஆரம்பத்தில் சன் டிவியே வரவில்லை. ஒரே தெருவில் இரண்டு கேபிள் போட்டி போடவில்லை, முதலாளிதான் மாறினார். வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை எங்களுக்குக் கொடுத்தது மொட்டை மாடியில் மாட்டிய டிடிஎச் டிஷ்தான்.