பச்சையாகக் காய்வது விதையின் குற்றமன்று

வீட்டுத் தோட்டத்துப் புகையிலை நிறம் மாறாமல் பச்சையாகவே காய்ந்துவிடுவதற்குத் தரமற்ற விதையே காரணம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. பறித்த பின்னும் இலையின் செல்கள் சில நாட்கள் உயிரோடிருந்து, பச்சையத்தைச் சிதைத்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவதால்தான் இலை மஞ்சளாகிறது. அதற்குள் வெயிலில் ஈரம் வற்றிவிட்டால் பச்சை அப்படியே தங்கிவிடும்.

கடந்த பருவத்தில் நானும் நண்பர்கள் இருவரும் ஒரே செடியின் விதையைப் பங்கிட்டு (ஒரு கிராமிலேயே ஏறத்தாழ 10,000 விதைகள் இருக்கும்) வளர்த்து, ஒருவர் மொட்டை மாடியிலும், ஒருவர் ஓட்டுத் திண்ணையிலும், நான் ஈரச்சாக்கு தொங்கிய அறையிலுமாக இலைகளைக் கட்டித் தொங்கவிட்டு, நாள்தோறும் நிறத்தைக் குறித்துவந்தோம். மாடியில் உலர்ந்த இலை 3 நாட்களில் பச்சையாகவே நொறுங்கியது. திண்ணையில் இருந்தது திட்டுத்திட்டாக மாறியது. என்னுடைய இலை 6ஆம் நாள் எலுமிச்சை நிறத்துக்கு வந்து, நடுநரம்பு மளுக்கென்று ஒடியும் பதத்தை அடைய 5 வாரங்கள் ஆயின.

பனியில் நனைந்த இலையைக் கையுறையின்றிப் பறித்தால் நிகோட்டின் தோல்வழியே ஏறித் தலைசுற்றலும் வாந்தியும் உண்டாகும் என்பதையும் கட்டுரையில் சேர்க்குமாறு கட்டுரையாளரை அன்புடன் வேண்டுகிறேன்.