தாத்தா பாட்டி வளர்க்கக் கூடாதா? யார் சொன்னது?

"அப்பா, அம்மா ரெண்டு பேரும் போயிட்டா பிள்ளையை ஹோமில்தான் விடணும், சொந்தக்காரங்க வச்சிருந்தா கேஸ்"னு இங்கே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, அது தப்பு. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தில் இல்லம் என்பது கடைசி வழி. தாத்தா, பாட்டி, சித்தப்பா, மாமா, அத்தை இவர்களிடம் பிள்ளை வளரலாம்.

பணம்தான் சிக்கல் என்றால் அதற்கும் வழி உண்டு. மிஷன் வாத்சல்யா என்ற அரசுக் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் தகுதியான பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள். கிராமமாக இருந்தால் குடும்ப ஆண்டு வருமானம் 72,000-க்குள், மற்ற இடங்களில் 96,000-க்குள் இருக்க வேண்டும். கடலூர் முதுநகரில் எங்கள் தெருப் பாட்டி பேரனுக்காக இதற்கு அலைந்தபோது நானும் கூடப் போனேன். இறப்புச் சான்றிதழ்கள், ரேஷன் கார்டு, ஸ்கூல் சான்றிதழ், பாஸ்புக் எல்லாம் ஒரு மஞ்சப்பையில். மகன் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததற்கே மூன்று நடை. திட்டம் இருக்கிறது, சுலபம் என்று சொல்ல மாட்டேன்.

கேட்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. பார்த்துக்கொள்ள யாருமே இல்லாத பிள்ளை என்றால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். எங்கே வளர்வது என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

அப்புறம், "பிள்ளையை இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கலாம்"னு இன்னொருவர் எழுதியிருக்கிறார். அதைச் செய்துவிடாதீர்கள். சட்டப்படியான தத்து நடைமுறை இல்லாமல் பிள்ளையைக் கொடுத்தாலும் வாங்கினாலும் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் அபராதம், அல்லது இரண்டும்.