நொண்டுற பூனைக்கு ஆஸ்பிரின் வேணாம்ணே

அண்ணே, “ஆஸ்பிரின் மரப்பட்டை சரக்குதான், எங்க நாய்க்குக் கேட்டுச்சு, காசிமேட்டுல நொண்டுற பூனைக்கும் காலைல அரை, ராத்திரி அரை கொடுங்க”ன்னு போட்டிருக்கீங்க. தப்புண்ணே.

நீங்க சொல்ற மரம் வில்லோ, அதோட பட்டையில இருக்கிறது சாலிசின். அந்த வழியில வந்த சாலிசிலிக் அமிலத்தை 1897ல பேயர் கம்பெனியில மாத்திச் செஞ்சதுதான் ஆஸ்பிரின். மூலிகையா மாத்திரையான்னு ஈரல் பார்க்காது. நாய் ஈரல் இதோட குளுகுரோனிக் அமிலத்தை ஒட்டி சிறுநீர்ல தள்ளிடும். பூனைக்கு அந்த ஒட்டுற வேலை ரொம்ப மந்தம். அதுக்கான யுஜிடி1ஏ6 மரபணுவே பழுது. நாய்க்குள்ள சுமார் 8 மணி நேரத்துல பாதியாகுற மருந்து, பூனைக்குள்ள பாதியாக 38 மணி நேரம்கூட ஆகும். நீங்க சொன்ன கணக்குல முதல் டோஸ் பாதி இறங்குறதுக்குள்ள நாலாவது ஏறிடும். டாக்டருங்களும் எப்பவாவது கொடுப்பாங்க, ஆனா துளியூண்டு, ரெண்டு மூணு நாளைக்கு ஒருதரம்.

ஒரு பிராணிக்கு ஒத்துக்கிறது இன்னொண்ணுக்கு ஒத்துக்காதுண்ணே. பெல்லடோனான்னு ஒரு விஷச்செடி, அதுல இருக்கிற விஷம் அட்ரோபின். சில முயலுங்க ரத்தத்துல அதை உடைக்கிற நொதி இருக்கு, அந்த இலையைத் தின்னுட்டுத் துள்ளும். நாம தின்னா?

ஏற்கெனவே யாராவது கொடுத்திருந்தா, வாந்தி, மேல்மூச்சு வர்ற வரைக்கும் காத்திருக்காம வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. மாத்திரை அட்டையும் கையில இருக்கட்டும்.