1279-இல் சோழர் உண்மையிலேயே ‘வீழ்ந்தார்களா’?

போட்டித் தேர்வுக் கையேடுகளில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது: “1279 - சோழர் ஆட்சி முடிவு.” உலக வரலாற்றுப் பகுதிக்குப் போனால், “1279 - சீனாவில் சோங் வம்சம் முடிவு.” யூடியூப்காரர்களுக்கு இது போதாதா? கடைசிச் சோழன் ரத்தம் சொட்டச் சொட்ட வாள் வீசுகிற படத்தோடு காணொளி வந்துவிடும். இரண்டு வரியும் ஒரே அச்சில் இருப்பதால் இரண்டு சாவும் ஒரே மாதிரி நடந்தது என்று நம்பிவிடுகிறோம். எனக்கு ஆகாதது இதுதான்.

சீனக் கதையை முதலில் பாருங்கள். 1279 மார்ச் 19. குவாங்டோங் கரையில் யாமென் முகத்துவாரம். சீனாவைப் பிடித்துவந்த மங்கோலிய அரசன் குப்லாய் கானுக்குத் தப்பி ஊர் ஊராக ஓடிய சோங் அரசவையின் மிச்சமெல்லாம் கப்பலில் கிடக்கிறது. அரசன் ஒரு சின்னப் பையன், ஏழு வயசு. தளபதி சாங் ஷிஜியே ஆயிரத்துக்கு மேற்பட்ட கப்பல்களைச் சங்கிலியால் பிணைத்து நிறுத்தியிருந்தார். எதிரி தீக்கப்பல் ஏவுவான் என்று எல்லாவற்றுக்கும் சேறு பூசி வைத்தார், அது பலித்தது. மங்கோலியர் பக்கத் தளபதி சாங் ஹோங்ஃபான் (இவரும் வடசீனர்தான்) வேறு வழி பார்த்தார். கரைக்குப் போகும் பாதையை மறித்தார். கப்பலில் தின்ன இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. தாகம் தாங்காமல் கடல்நீரைக் குடித்தவர்கள் உடம்பு வீங்கி வாந்தி எடுத்தார்கள். கடைசி நாள் நண்பகலில் எதிரிக் கப்பலிலிருந்து இசை கேட்டது. சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது என்று சோங் வீரர்கள் அசந்தார்கள். தாக்குதலுக்கான சைகையே அந்த இசைதான். எல்லாம் கைவிட்டுப் போனதும் அமைச்சர் லூ சியூஃபு முதலில் தன் மனைவி மக்களைக் கடலுக்குள் அனுப்பினார். பிறகு அந்தப் பையனைச் சுமந்துகொண்டு தானும் குதித்தார். ஏற்கெனவே பிடிபட்டிருந்த சோங் அமைச்சர் வென் தியான்சியாங் எதிரிக் கப்பலில் கைதியாக இருந்து அத்தனையையும் பார்த்தார். கவிதையாக எழுதியும் வைத்தார். 960-இல் தொடங்கிய வம்சத்தின் சாவுக்கு நாள் இருக்கிறது, நேரம் இருக்கிறது, சாட்சியும் இருக்கிறது.

இனி நம்ம ஊர். மூன்றாம் ராஜேந்திரன் 1246-இல் பட்டத்துக்கு வந்தவர். இங்கே 1279 என்பது, அவர் பெயரில் வரும் கல்வெட்டுகள் நின்றுபோகிற ஆண்டு. அவ்வளவுதான். பாண்டியன் மாறவர்மன் குலசேகரனிடம் அந்த ஆண்டு தோற்றார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் யாமென் போல நாள் குறித்து, களம் சொல்லி, சாவை எழுதிய கல் ஒன்றும் இல்லை.

விழுந்தது எப்போது என்றால், அதற்கு வெகு முன்னாலேயே. மாறவர்மன் சுந்தரபாண்டியனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசனின் புகழ்ப்பாட்டு) “தஞ்சையும் உறந்தையும் செந்தழல் கொளுத்தி” என்று பெருமையடிக்கிறதே, அது இதற்கு அறுபது வருஷம் முன்பு. அதன்பின், ராஜேந்திரனுக்கு முன் ஆண்ட மூன்றாம் ராஜராஜனைக் காடவர் குலச் சிற்றரசன் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான்; கன்னட நாட்டுப் போசள அரசன் நரசிம்மன் படை அனுப்பி மீட்டான். திருவந்திபுரம் கல்வெட்டு இதை விலாவாரியாகச் சொல்கிறது. சோழச் சக்கரவர்த்தியை வெளியே எடுக்கக் கன்னடத்துக்காரர் வரவேண்டியிருந்தது! பிறகு சடையவர்மன் சுந்தரபாண்டியன் ராஜேந்திரனைக் கப்பம் கட்ட வைத்தான். இத்தனையையும் விட்டுவிட்டு ஒரே ஆண்டை மனப்பாடம் பண்ணச் சொன்னால் எப்படி?

இன்னொன்று. அன்றைக்கு யாருக்கும் அது 1279 இல்லை. சக வருஷம் 1201. கல்வெட்டு ‘இன்ன தேவர்க்கு யாண்டு இத்தனை’ என்று, அதாவது அரசன் பட்டத்துக்கு வந்து எத்தனையாவது ஆண்டு என்று தொடங்கி, பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று போகும். கீல்ஹார்ன், எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை போன்ற ஆய்வாளர்கள் உட்கார்ந்து பஞ்சாங்கக் கணக்குப் போட்டுக் கொடுத்ததால்தான் நாம் இன்று ஆங்கில ஆண்டு சொல்கிறோம். ‘அந்த ஆண்டு பிறந்தவர்கள்’ என்று பட்டியல் போடப் போனால் இன்னும் மோசம். நந்தா விளக்குக்கு யார் எத்தனை ஆடு கொடுத்தார் என்பது கல்லில் இருக்கும். பிறந்த ஆண்டு இருக்காது. தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய முதலாம் ராஜராஜனுக்கே சதயம் என்ற நட்சத்திரம்தான் உண்டு, ஆண்டு கிடையாது.

அதே 1279-இல் இங்கிலாந்தில் முதலாம் எட்வர்ட் நாணயத்தைத் திருத்தினார். போர்ச்சுகலில் மூன்றாம் அஃபோன்சோ இறந்து மகன் தினிஸ் வந்தார். ஜப்பானில் குப்லாயின் தூதர்களின் தலையை வெட்டினார்கள். என்னைக் கேட்டால் இவற்றைவிடப் பெரிய சேதி குவோ ஷௌஜிங். குப்லாயின் வானியலாளர். அந்த ஆண்டு தெற்குக் கடல் முதல் வடக்குக் குளிர்ப் பிரதேசம் வரை 27 இடங்களில் அளவெடுக்க ஏற்பாடு செய்தார். அவர் குழு உருவாக்கிய நாட்காட்டியில் ஓர் ஆண்டின் நீளம் 365.2425 நாள். கிரிகோரியன் நாட்காட்டி இதே எண்ணுக்கு வந்து சேர இன்னும் 300 வருஷம் ஆனது. பட்டியல் போடுகிறவர்கள் போர்களை விடமாட்டார்கள், இதை விட்டுவிடுவார்கள்.

சோழருக்கும் சோங்குக்கும் பழைய பழக்கம் உண்டு. 1015, 1033, 1077-இல் சோழத் தூதுக்குழுக்கள் அங்கே போயிருக்கின்றன. இரண்டு அரசும் போனபின் அந்தக் கடல்வழி வியாபாரம் படுத்துவிட்டதா? இல்லை. 1276-இல் ஓடிவந்த சோங் அரசவைக்குக் கதவைச் சாத்திவிட்டு மங்கோலியர் பக்கம் சாய்ந்த துறைமுகம் சுவான்சௌ. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றின் காலம் சகம் 1203, அதாவது 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளச் செய்திருக்கிறார், ‘செகசை கான்’ திருமேனி நன்றாக இருக்கவேண்டி, கானின் ‘பர்மான்படி’, அதாவது அரச ஆணைப்படி. அதில் சோழனுக்கோ பாண்டியனுக்கோ யாண்டு எதுவும் இல்லை. வெறும் சகாப்தம். வியாபாரம் பண்ணுகிற ஊரில் எந்த ராஜா பெயரை எழுதினால் காரியம் நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.